ஆடு அளந்த பாவாடை

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஆசிரியைகள் எல்லோரும் அந்தக் கால உடையில் வர வேண்டும் என்று முடிவானது. மற்றவர்கள் பஃப் கை ரவிக்கை, கொண்டை என்று முடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் அம்பர்லா கட் பாவாடை தைக்கக் கொடுத்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி ஒரு சுற்றுச் சுற்றினால் முட்டியளவில் குடை மாதிரி விரியுமே, அது. பதினாறு வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். கணுக்கால் தெரிந்தாலே அம்மாவுக்குப் பொறுக்காது. நாற்பத்தாறு வயதில் யார் கேட்கப் போகிறார்கள் என்று துணிந்துவிட்டேன்.

துணிந்தேன் என்பது பொய். தையல்காரரிடம் முட்டி வரை போதும் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "கணுக்கால் வரைக்கும் வைங்க" என்று வந்தது. என்மேல் எனக்கே எரிச்சல்.

சரி, விரிந்தாவது நிற்கட்டும் என்று வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்தேன். காய்ந்ததும் அது ஆள் இல்லாமலே நின்றது. மடித்துப் பையில் வைக்க வழியில்லை. உடுத்திக்கொண்டே ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினேன். மூன்று பேர் சீட்டில் நானும் பாவாடையும் உட்கார்ந்தோம்.

"அக்கா, கொஞ்சம் அமுக்கிப் புடிங்க, நான் போவணும்" என்றார் கண்டக்டர்.

அரியலூரில் இறங்கி ஆட்டோவுக்காக நின்றபோது, பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஆடு. கஞ்சி வாசத்துக்கு வந்து, ஓரத்தில் ஒரு சாண் ஏற்கெனவே தின்றிருந்தது. நான் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, முட்டி வரை டர்ரென்று கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளியில் அறிவியல் டீச்சர் என்னை உட்கார வைத்தார். "அழுவாதீங்க டீச்சர். ஆடு ஆரம்பிச்சத நாம முடிச்சிருவோம்" என்று கத்தரிக்கோலை எடுத்து, முட்டியளவில் சுற்றிலும் வெட்டிவிட்டார். மேடையில் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினேன். விரிந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில், சிறந்த உடைக்கான பரிசு வேறொருவருக்குப் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அம்மா என் போனில் மேடையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, பாவாட முட்டிகிட்ட நிக்குது?"

"ஆடு தின்னுடுச்சும்மா."

"சுத்திலும் ஒரே அளவாவா? டேப்பு வச்சா தின்னுச்சு?"

அம்மா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பதினாறு வயசுலயே ஒரு ஆட்ட வாங்கி விட்டுருக்கலாம்."