கோழிக்குக் கேட்காமல் ஒரு சண்டை

காலை ஆறு நாற்பதுக்கு முட்டை லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நாமக்கல் பக்கம் நான் மேலாளராக இருக்கும் கோழிப்பண்ணையில் அதைவிடக் கொலை செய்திருக்கலாம். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழிகள் மிரண்டால் முட்டை குறைந்துவிடும். போடுகிற முட்டையும் ஓடில்லாமல் கொழகொழவென்று வரும்.

உண்மையைச் சொன்னால், கோழிகளுக்கு முன்னால் துள்ளியவன் நான்தான். போன மாதம் அஸ்தம்பட்டியில் என் மகளின் ஸ்கூட்டரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. அவளுக்கு முட்டியில் சிராய்ப்பு, அதுவும் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

கோழிக் கொட்டகையான செட்டிலிருந்து, பண்ணையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர் வெளியே வந்தார். அந்தக் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்ப்பவர். புடவைக்கு மேல் எப்போதும் ஒரே நீலச் சட்டை. வேறு நிறத்தில் யார் நுழைந்தாலும் கோழிகள் கூண்டில் முட்டிக்கொண்டு சாகும்.

எங்கள் பண்ணையில் சண்டையைக் கிசுகிசுவென்றுதான் போடவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் சம்பந்தம் பேசுவது போலிருக்கும்.

“ஏண்டா, ஆரன் உங்கப்பன் ஊட்டுதா?” என்றார் அக்கா, மூச்சுக்காற்றில்.

“பின்ன, கேட்டைக் கோழி வந்து தொறக்குமா?” டிரைவரும் மூச்சுக்காற்றில்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “எந்தம்பிக்குப் போன் போட்டுட்டனுங்க சார். மல்லசமுத்திரத்துல இருந்து வண்டியெடுத்துட்டு வாரான். நான் ஊட்டுக்குப் போறேன். இனி நீங்களே முட்டை பொறுக்கிக்குங்க.”

அவர் போனால் செட்டுக்குள் காலெடுத்து வைக்க ஆளில்லை. தம்பி வந்து சேர்வதற்குள் சண்டையை முடித்தாக வேண்டும்.

என் மகள் ஓர் அலுவலகத்தில் ஊழியர் தகராறுகளைத் தீர்க்கிற வேலை பார்க்கிறாள். நான் வீட்டில் கத்துவதைப் பார்த்து எனக்கும் பாடம் எடுத்திருந்தாள்: எதிரே இருப்பவரின் உணர்வைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“உங்களுக்குக் கோபம் வந்திருக்குன்னு தெரியுதுங்கக்கா” என்றேன்.

“பின்ன, பக்தியா வந்திருக்குது?”

டிரைவரிடம் போனேன். “நீங்க சொல்ல வர்றது, கேட்டை யாரும் தொறக்கல...”

“அதையேதான சார் நானுஞ் சொன்னேன்? காது கேக்கலீங்களா?”

பாடம் அவ்வளவுதான். அதற்கு மேல் மகள் நடத்தவில்லை. நான் லாரியையே வெறித்துக்கொண்டு நிற்பதை அக்கா பார்த்துவிட்டார்.

“என்னாச்சுங்க சார்? உக்காருங்க.”

தீவன மூட்டை மேல் உட்கார்ந்தேன். எந்த நுணுக்கமும் இல்லாமல், லாரி உரசியதையும், அன்றிலிருந்து ஹாரன் கேட்டாலே மகள் கீழே கிடப்பது போலத் தெரிவதையும் உளறினேன்.

டிரைவர் குத்துக்காலிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். “பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“இல்லீங்க.”

டிரைவர் எழுந்து நின்றார். பிறகு அக்காவிடம், “போன தடவ வந்தப்ப இந்தச் செட்டு காலியாக் கெடந்துதுக்கா. கோழி உட்டது எனக்குத் தெரியாது” என்றார்.

அக்கா நீலச் சட்டையைக் கழற்றி நீட்டினார். “போட்டுக்கிட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வா. காலை மருந்துத் தண்ணில நனைச்சுக்க. தும்முனா, கொன்னுபோடுவேன்.”

டிரைவருக்குச் சட்டைப் பொத்தானைத் தொப்பை வரைக்கும்தான் பூட்ட முடிந்தது. வாசலிலிருந்து நான்கு கூண்டு தூரம் போய்ப் பார்த்துவிட்டு, அடிமேல் அடி வைத்து வெளியே வந்தார்.

“பூராவும் கூண்டு மூலைல ஒண்ணா ஒதுங்கி நிக்குதுக்கா. வாயைப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குதுங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தப்புத்தான்.”

“சரி, சட்டையைக் கிழிக்காம கழட்டு” என்றார் அக்கா.

அட்டைகளில் முட்டை ஏறத் தொடங்கியது. அக்கா பிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்கும் டீ ஊற்றினார். பாதி குடிக்கும்போது அவருடைய தம்பி வந்து சேர்ந்தார். விவரமான ஆள்; மொபெட்டைக் கேட்டுக்கு வெளியிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எளவு உழுந்தாப்ல கூப்பிட்டயேக்கா, பல்லுகூட வெளக்காம ஓடியாறேன்” என்றார் கிசுகிசுப்பாக. “இங்க விருந்தா நடக்குது? எனக்கொரு கிளாஸ் ஊத்து.”