விமானம் கடலுக்கு மேலே இருந்தபோது

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சுதர்சனையே கேளுங்கள். அன்றைக்கு அந்தச் சாவு வீட்டில் இருந்த அத்தனை பேரும் சாட்சி.

சுதர்சனின் அப்பா யேசுதாசன் கண் மூடிய மூன்றாம் நாள். தங்கச்சி ரோஷானி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அந்தப் பாவி மகளுக்கு அன்றைக்குத்தான் டிக்கட் கிடைத்தது. "அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்ணே. நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிடாதீங்க" என்று போனில் கதறினாள். மகள் கடைசி முத்தம் கொடுத்த பிறகுதான் பெட்டியை மூடுவது எங்கள் லயத்து வீடுகளின் வழக்கம். சுதர்சனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

குவைத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் ஐந்தரை மணித்தியாலம். அங்கிருந்து மலையேறி வர வேனில் இன்னும் ஐந்து. எப்படியும் இரவு பத்தாகிவிடும். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் போன் படத்தில் ஒரு குட்டி விமானம் கடலுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. சுதர்சன் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்னதான் செய்வான்?

பிற்பகல் மூன்று மணி. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது...

வாசலில் ரோஷானி நின்றாள்.

"ஐயோ, மகளே!" என்று பெண்கள் ஓடினார்கள். அவள் அழவில்லை. கையில் பை இல்லை. காலில் செருப்பும் இல்லை. நேராகப் பெட்டியருகே போய், குனிந்து, அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

சுதர்சன் போனைப் பார்த்தான். விமானம் இன்னும் கடலுக்கு மேலேதான்...

"உபதேசியாரே... பிளேன் இன்னும் எறங்கலங்க..." என்று ஜெபம் நடத்த வந்திருந்தவரிடம் சொன்னான்.

"போன் கெடக்குதுப்பா. மக கண்ணு முன்னாடி நிக்குதுல்ல? மழைக்கு முன்ன தூக்குங்க!"

டொக்... டொக்... ஆணி இறங்கியது.

சுதர்சன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

குழி ஓரத்தில் அவள் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளினாள். போட்டாள். மறுபடி அள்ளினாள். நிறுத்தவேயில்லை...

மழை கொட்டியது.

திரும்பிப் பார்த்தால், அவள் இல்லை.

நாலரைக்குப் போன் அடித்தது.

"அண்ணே, இப்பத்தான் எறங்கினேன். பெட்டிய மூடலதானே?"

"நீ மொதல்ல வீட்டுக்கு வாம்மா" என்று போனை வைத்தான்.

இரவு வேனிலிருந்து இறங்கியவள், விஷயம் தெரிந்ததும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "வாக்குக் குடுத்தீங்களேண்ணே! ஒரே ஒரு தடவ பாக்க விட்டீங்களா?"

அவள் அழுது ஓய்ந்த பிறகு தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கோப்பையை வாங்கிய விரல்களைச் சுதர்சன் பார்த்தான்.

பத்து நகத்துக்குள்ளும் சிவப்பு மண்.

அவன் பார்ப்பதை அவளும் கவனித்தாள்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டு பிளேன்ல கண்ணசந்துட்டேன்ணே. முழிச்சப்பவே கை இப்படித்தான் இருந்துச்சு. எவ்வளவு கழுவியும் போக மாட்டேங்குது."