தொண்ணூற்றாறு ரூபாய் கிராஸும் சுரக்குடி நாற்றும்

திங்கட்கிழமை, காலை ஆறே கால். திருச்சியிலிருந்து மாயவரம் போகும் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் மடியில் செய்தித்தாள் சுற்றிய சின்னப் பொட்டலம். எதிரே இருந்த வெற்றிலை வியாபாரி தஞ்சாவூர் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அல்வாவா என்று கேட்டார். பிரித்துக் காட்டினேன். கூட்டல்குறி வடிவத்தில் உள்ளங்கை அகல இரும்பு. ஜீப்பின் கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு இருக்கிறதே, அதன் மூட்டில் உட்காரும் சாமான், கிராஸ் என்பார்கள், விலை தொண்ணூற்றாறு ரூபாய் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, அல்வாவாகவே இருந்திருக்கலாம் என்று திருப்பித் தந்தார்.

காரைக்காலில் இருக்கும் சூசை என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். பிரான்சில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் அனுப்பிய பணத்தில், ஏலத்துக்கு வந்த பழைய ராணுவ ஜீப் ஒன்றை வாங்கி, பின்னால் ஒரு டிரெய்லரும் மாட்டி, வயற்காட்டு வாடகைக்கு ஓட்டுகிறான். மழை விழுந்துவிட்டால் லாரியும் மாட்டுவண்டியும் போகாத இடத்துக்கு அவன் போவான். "பதினைந்து நாளைக்கு ஒரு கிராஸ் ஒடிகிறது" என்று போகிற போக்கில் கடிதத்தில் எழுதியிருந்தான். எனக்கு அது போதும். திருச்சி பாலக்கரையில் ஒரு கடைக்காரர் மேசைமேல் இரண்டு கிராஸ்களை வைத்தார். ஒன்று பேரில்லாத சரக்கு, இருபத்திரண்டு ரூபாய். மற்றது கம்பெனி சரக்கு. அரத்தால் உரசிப் பார்த்தேன். மலிவானதில் கீறல் விழுந்தது, மற்றதில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழுக்கலில் மயங்கித்தான் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாயவரத்தில் வேறு வண்டி ஏறி, பகல் ஒன்று பத்துக்குப் பேரளம். காரைக்கால் வண்டிக்கு இங்கே மறுபடி மாற வேண்டும். இருபத்துமூன்று கிலோமீட்டர், இரண்டு ரூபாய். இந்த வண்டி ஓடுகிறது என்று சொல்ல மனம் வரவில்லை. வயல்களெல்லாம் முட்டளவு தண்ணீர்; தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வானம் கிடக்கிறது. மேகத்தின் மேல் கொக்கு நடக்கிறது. அம்பகரத்தூரில் ஏறிய ஒருவர் குடையை மடக்கக்கூட இல்லை, விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான் இறங்க மறந்துவிடுவேனோ என்று இரண்டு முறை பயந்தேன். வண்டி அதற்கு அப்பால் போகாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சூசை சைக்கிளோடு நின்றான். ஜீப் எங்கே என்றேன். அன்று காலைதான் மறுபடி கிராஸ் ஒடிந்ததாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கவலையே இல்லாதது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜக்கரியாவின் பட்டறை. அவருக்கு முப்பது வயது இருக்கும். ஜீப்பின் அடியில் படுத்தபடியே பேசினார். பக்கத்தில் ஒரு பால்பவுடர் டின் நிறைய இருபத்திரண்டு ரூபாய் கிராஸ்கள். நான் என் பொட்டலத்தைப் பிரித்து, எஃகின் கடினம் பற்றி, அரம் வழுக்கியது பற்றி, மலிவான சாமான் கடைசியில் விலை கூடுவது பற்றி வேகமாகச் சொல்லி முடித்தேன். அவர் வெளியே வந்து, துடைத்த கையால் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான் தம்பி. இது ஒடியாது. அடுத்தாப்புல எது ஒடியும்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

எதுவும் ஒடியாது என்றேன். அவர் சூசையைப் பார்த்தார். சூசை தரையைப் பார்த்து, "போடுங்கண்ணே" என்றான். அரை மணியில் வேலை முடிந்தது. சாயங்காலம் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தோம். ஈர மணலில் ஜீப் சத்தமில்லாமல் போனது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. சூசை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறானோ என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய், காலை ஆறு. குரும்பகரம். அன்றைய வாடகை சுரக்குடி செல்லம்மாளுடையது. அவருக்கு நாற்பது வயது. கணவர் குவைத்தில் இருக்க, ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலத்தைத் தானே பார்க்கிறார். அவருடைய நாற்றங்கால் மழையில் மூழ்கி அழுகிவிட்டது. குரும்பகரத்தில் நாற்றை விலைக்கு வாங்கி, முந்தின நாளே பறித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பறித்த நாற்று அதிக நாள் தாங்காது. நடவுக்குப் பதினான்கு பெண்கள் வருகிறார்கள், அதுவும் அன்று ஒரு நாள்தான். மறுநாள் அவர்கள் வேறு வயலுக்கு வாக்குக் கொடுத்தவர்கள். அன்று நடாவிட்டால் அந்த வருஷம் சம்பா இல்லை. இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை, முடிச்சுகளை எண்ணி டிரெய்லரில் ஏற்றியபடியே சொன்னார்.

அங்கிருந்து அவர் வயலுக்குச் சுற்றுவழியில் ஏழு கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. முதல் நடை கனவுபோல் முடிந்தது. முந்நூறு முடிச்சு பச்சை நாற்று பின்னால் ஆடி வர, அதன் ஈரவாசம் எங்களை முந்திக்கொண்டு போனது. சுரக்குடி வரப்புவழியில் சக்கரம் புதைந்தபோதெல்லாம் சூசை மிதித்தான், ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. கிராஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று அவனைக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.

பத்தே முக்கால், இரண்டாவது நடை. வயலுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரங்கள் களிமண்ணில் அச்சுவரை இறங்கின. சூசை மிதிக்கத் தயங்கினான். மிதி, அது தாங்கும் என்றேன். மிதித்தான். சுழன்ற சக்கரம் சேற்றுக்கடியில் யாரோ போட்டிருந்த செங்கல் ஜல்லியைச் சட்டென்று பற்றியது. 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் பல் நறநறக்கிற மாதிரி ஒன்று.

அடியில் தவழ்ந்து பார்த்தேன். என் கிராஸ் அப்படியே இருந்தது. போனது அதற்குப் பின்னால், பின்அச்சின் உருண்டைக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், கிரவுன். ஒடிந்த பல் உள்ளே சிக்கி, சக்கரங்கள் பூட்டிக்கொண்டுவிட்டன. முன்சக்கரத்தால் மட்டும் இழுக்கவும் வழியில்லை.

சூசை ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். "கிராஸ் ஒடஞ்சா அரை மணி நேரம். டின்லேந்து ஒண்ண எடுத்து மாட்டிட்டுப் போயிடுவேன். அதுக்காகத்தான் மட்டமான சாமானா பாத்து வாங்குறது. அது ஒடஞ்சாத்தான் கிரவுன் பொழைக்கும்" என்றான்.

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"திருச்சிலேந்து மடியில வச்சுக்கிட்டு வந்திருக்க. எப்புடிடா வேணாங்குறது?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேல்வரிசை முடிச்சுகளின் நுனி அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது. வயலிலிருந்து செல்லம்மாள் வரப்பில் வேகமாக வந்தார். ஜீப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். யார்மேல் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழிக்குப் பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர், அவர் வயல் பக்கமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, எல்லாத்தையும் வாய்க்கால்ல தள்ளிவுடுங்க. முடிச்சு அவுறாது" என்றார்.

அவரே ஓடிப்போய், வயல் மடையில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே பிடிக்கும்படி நடவுப் பெண்களிடம் சொன்னார். நானும் சூசையும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வீசினோம். அவை முங்கி எழுந்து, பாதி உடல் வெளியே தெரிய, வரிசையாக நகர்ந்தன. முந்நூறு சின்னப் பச்சைத் தீவுகள். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரில் சிக்கியவற்றைத் தள்ளிவிட நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தேன். அந்த அரை கிலோமீட்டரை என்னால் மறக்க முடியாது. சத்தமே இல்லை. என்னைச் சுற்றிலும் நாற்று போய்க்கொண்டிருந்தது. தண்ணீரின் வேகம்தான் அதன் வேகம். நான் செய்த தப்பைக்கூடச் சில நிமிஷம் மறந்திருந்தேன்.

மடையில் சேலை பிடித்திருந்த பெண் என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள நாத்து மேய்க்க வந்துருக்கு, பாருங்கடி" என்றாள். பதினான்கு பேரும் சிரித்தார்கள். சிரித்தபடியே குனிந்தார்கள். ஐந்தரை மணிக்குக் கடைசி முடிச்சு சேற்றில் இறங்கியது.

புதன் காலை டிராக்டர் ஒன்று ஜீப்பை இழுத்து வந்து பட்டறையில் விட்டது. ஜக்கரியா உருண்டையைத் திறந்து, எண்ணெயிலிருந்து நான்கு பற்களைப் பொறுக்கி என் முன்னால் வைத்தார். புதுக் கிரவுன் சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். அதில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது என்றார். செலவில் பாதி என்னுடையது என்றேன். சூசை மறுத்தான், நான் விடவில்லை. கிரவுன் வந்ததும் எந்தக் கிராஸைப் போடட்டும் என்று ஜக்கரியா கேட்டார். டின்னைக் காட்டினேன்.

பகல் பன்னிரண்டு மணி வண்டி. எங்கள் திருச்சிப் பக்கம் தரைக்கடியில் பாறை. அங்கே சாமான் எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது, நான் கற்றதும் அதுதான். இந்த மண்ணில் வண்டி ஓட்டுகிறவன் முதலில் எது ஒடியலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறான். அதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

திருநள்ளாறு தாண்டியதும் ஜன்னல் வழியே தலையை நீட்டினேன். புதிதாக நட்ட நாற்று முதல் இரண்டு நாள் வாடினதுபோல் சாய்ந்துதான் கிடக்கும், மூன்றாம் நாள் நிமிரும் என்று செல்லம்மாள் சொல்லியிருந்தார். கண்ணுக்கு எட்டியவரை வயல்கள் சாய்ந்து கிடந்தன. எது அவருடைய ஆறு மா, அதில் எது வண்டியில் போன நாற்று, எது தண்ணீரில் போன நாற்று என்று எனக்குத் தெரியவில்லை.