பச்சைக் கட்டத்தில் என் மனைவி

என் மகன் தன் தாயின் உயிருக்கு இட்ட மதிப்பெண் ஐந்து. அதை அவன் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சித் திரையில், எல்லாரும் காணும்படி இட்டான். ஆண்டுகள் சில கடந்துவிட்டன. மறந்துவிடுங்கள் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சுப் பதிப்புகளையும் ஒப்புநோக்கிப் பிழை களைந்து வாழ்ந்தவன் நான். பிழையைக் கண்டால் அதைச் செய்தவனையும் நினைவில் வைத்துக்கொள்வது என் தொழில் தந்த பழக்கம்.

பெருந்தொற்றின் முதல் அலை தணிந்து, கேளிக்கைப் பூங்காக்களை மீண்டும் திறக்க ஒப்புதல் கிடைத்திருந்த காலம் அது. தடுப்பூசி இன்னும் எங்களை வந்தடையவில்லை. பெங்களூரின் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில், என் பெயரிலுள்ள வீட்டில் ஐவர் வாழ்ந்தோம்: நான், என் மனைவி, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. தொற்றுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. என்னுடையவற்றுள் ஒன்றை எடுத்து அவளுக்குப் பொருத்தினார்கள். அயலான உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க அவள் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்தே அடக்கிவைப்பவை. ஒரு காய்ச்சல் போதும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். ஒன்பது திங்கள் அவ்வீட்டைக் கோட்டையைக் காப்பதுபோல் காத்தேன். பால் உறைகளைக் கழுவினேன். காய்கறிகளை உப்புநீரில் ஊறவைத்தேன். செய்தித்தாளை நிறுத்தினேன்; அது எனக்கு எளிய இழப்பன்று.

ஒரு ஞாயிறு காலை மகன் எங்களைக் கூடத்தில் அமர வைத்தான். நகருக்கு வெளியே, நீர்ச்சறுக்குகளும் சுழல் ஊர்திகளும் தங்கும் விடுதியும் கொண்ட ஒரு பூங்காவில் இரண்டு நாள் கழித்துவர அவனும் மருமகளும் விரும்பினார்கள். அவன் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இடர்களை மதிப்பிடும் பணியில் இருப்பவன். அந்த முறையையே இதற்கும் கையாண்டு, மடிக்கணினியில் ஓர் அட்டவணை வரைந்து திரையில் ஏற்றியிருந்தான். ஒவ்வோர் இடருக்கும் இரண்டு எண்கள்: நிகழும் வாய்ப்பு ஒன்று முதல் ஐந்து வரை, நிகழ்ந்தால் பாதிப்பு ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். விடை சிறியதானால் கட்டம் பச்சை. நடுத்தரமானால் மஞ்சள். பெரியதானால் சிவப்பு.

முதல் வரிசை, வெயிலில் தோல் கறுத்தல். வாய்ப்பு ஐந்து, பாதிப்பு ஒன்று. ஐந்து. பச்சை.

கைப்பேசி நீரில் விழுதல். மூன்று, இரண்டு. ஆறு. பச்சை.

மூன்றாம் வரிசையில் என் மனைவி இருந்தாள். 'அம்மாவுக்குத் தொற்று' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாய்ப்பு ஒன்று, பாதிப்பு ஐந்து. ஐந்து. பச்சை.

கடைசி வரிசை மட்டுமே சிவப்பு. போகாமலிருந்தால் குழந்தைக்கு வரக்கூடிய மனச்சோர்வு அது. நான்கு, நான்கு. பதினாறு.

"தோல் கறுக்கறதும் உங்கம்மா சாகறதும் ஒரே நிறமாடா?" என்றேன்.

"அப்பா, எமோஷனலா பாக்காதீங்க. இது இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு. ஓப்பன் ஏர், குளோரின் தண்ணி, பாதி டிக்கெட்தான் விக்கறாங்க. அதான் ஒண்ணு போட்டேன்."

"பாதிப்புக்கு ஏன் அஞ்சோட நிறுத்திட்ட?"

"அதுக்கு மேல ஸ்கேல் கிடையாதுப்பா."

"அப்போ அவ போனாலும் அஞ்சு, இந்த ஊரே போனாலும் அஞ்சு."

அவன் சிரித்தான். "ஒரு எழுத்து மாறுனா ஒரு மாசம் சண்டை போடற ஆளாச்சே நீங்க. இதையும் அதே மாதிரி பாத்தா எப்படி?"

அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன்.

மருமகள் மென்மையாகவே பேசினாள். "மாமா, ஒம்பது மாசமா இவ ஸ்கிரீனத் தவிர எதையும் பாக்கல. நேத்து பொம்மைக்கெல்லாம் மாஸ்க் போட்டு வெச்சிருக்கா. ரெண்டு நாள் மாமா." அவள் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை இப்போது எழுத முடிகிறது. அன்று அதைக் கேட்க என் செவி ஆயத்தமாக இல்லை.

மகன் கைதூக்கச் சொன்னான். மூன்று கைகள் எழுந்தன. நான்காவதாக என் மனைவியின் கை எழுந்தது.

"போயிட்டு வரட்டும் விடுங்க. வந்தப்புறம் நான் ரூமுக்குள்ளயே இருந்துக்கறேன்" என்றாள்.

ஒரே சமையலறையும் ஒரே காற்றும் கொண்ட வீட்டில் அறைக்குள் இருப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வாதிடுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான் அடங்கிவிட்டதாக மகன் கருதினான்.

எங்கள் குடியிருப்பில், இறகுப்பந்துத் திடலுக்கு அப்பால் உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டி இரண்டு விருந்தினர் அறைகள் உண்டு. தொற்றுக்காலத்தில் அவற்றைத் தனிமைப்படுவோருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் மகிழுந்தில் புறப்பட்டுச் சென்ற காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதி, இரண்டு அறைகளையும் பதினான்கு நாளுக்குக் கேட்டேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏன் சார், வீட்ல யாருக்காவது பாசிட்டிவா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

இரண்டு நாளும் ஓய்வின்றி உழைத்தேன். மகனின் உடைகள், மின்னேற்றிகள், மருமகளின் தைலம், பேத்தியின் பாடநூல்கள், அவள் கட்டிக்கொண்டு உறங்கும் கரடிப் பொம்மை, ஆறு தட்டுகள், ஒரு மின்கெண்டி. ஒவ்வொன்றையும் பட்டியலிட்டுப் பெட்டிகளில் அடுக்கிக் காவலாளியின் கைவண்டியில் ஏற்றினேன். காவலாளி ஆனேக்கல்காரர், தமிழர்.

"என்ன சார், புள்ள வீடு மாத்திட்டாரா?" என்றார்.

"மாத்திட்டேன்" என்றேன்.

அறைகளில் குழாயைத் திறந்து நீர் வருவதைச் சரிபார்த்தேன். படுக்கை விரிப்புகளை நானே மாற்றினேன். என் வாழ்நாளில் எந்தப் பதிப்புக்கும் இவ்வளவு ஊக்கத்தோடு நான் உழைத்ததில்லை. பெட்டிகள் எங்கே போகின்றன என்று மனைவி கேட்டாள். அவர்கள் வரும்போது தெரியும் என்றேன்.

இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மின்தூக்கி திறக்கும் ஓசை கேட்டது. மகனின் சாவி பூட்டில் திரும்பிற்று, கதவு நகரவில்லை. நான் மரக்கதவைத் திறந்து, வெளிக் கம்பிக்கதவை மூடியபடியே நின்றேன். என் முகத்தில் இரட்டைக் கவசம்.

"அப்பா, கதவு மாட்டிக்கிச்சு."

"மாட்டல. நாந்தான் தாழ் போட்டிருக்கேன். பதினாலு நாள் கீழ விருந்தினர் அறையில இருங்க. எல்லாம் வெச்சாச்சு."

அவன் என்னையே பார்த்தான். பேத்தியின் மணிக்கட்டில் பூங்காவின் காகிதப் பட்டை இருந்தது; தலை இன்னும் ஈரம். மருமகள், "மாமா, இவ பாத்ரூம் போகணுங்கறா" என்றாள்.

"ரெண்டு அறையிலயும் இருக்கும்மா. தண்ணி வருதான்னு பாத்துட்டேன்."

"வாடகைக்கு இருந்திருந்தாக்கூட ஓனர் ஒரு மாசம் டைம் குடுத்திருப்பார்" என்றாள் அவள், என்னிடமன்று, கதவிடம் சொல்வதுபோல்.

கம்பியிடையே ஒரு தாளை நீட்டினேன். மகனின் அட்டவணையைப் போலவே கோடிட்டு, பேத்தியின் வண்ணக்கோலால் கட்டங்களை நிரப்பியிருந்தேன். மகன் குடும்பம் பதினான்கு நாள் வெளியே தங்குதல்: வாய்ப்பு ஐந்து, பாதிப்பு ஒன்று, ஐந்து, பச்சை. மகனுக்குத் தந்தைமீது சினம்: ஐந்து, ஒன்று, ஐந்து, பச்சை.

அவன் தமிழ் படிக்க அறியாதவன். பெங்களூரில் பிறந்து, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பயின்றவன். ஆனால் எண்களையும் நிறத்தையும் படித்தான், முகம் சிவந்தது.

"வெளையாடறீங்களா?"

"உன் முறைதானே. இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு."

எதிர்வீட்டு அம்மையார் கதவைச் சிறிது திறந்து, என்ன சார் ஆச்சு என்றார். "ஒண்ணுமில்லம்மா, பச்சைதான்" என்றேன்.

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வந்துட்டாங்களா? ஏன் வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?" அவள் கூடத்தின் மறுகோடியில் நின்றாள். பேத்தி கம்பியைப் பற்றிக்கொண்டு, "பாட்டி, பெரிய ஸ்லைடுல மூணு தடவ போனேன்" என்றாள். "கண்ண மூடிக்கிட்டியா?" என்றாள் மனைவி. "ஒரு தடவதான்." இருவரும் சிரித்தார்கள். அதற்குள் மகன் பெட்டியை உருட்டிக்கொண்டு மின்தூக்கிக்குள் சென்றுவிட்டான்.

அடுத்த நாள்களில் நான் நுகர்ந்த இன்பத்தை மறைப்பது நேர்மையாகாது. விருந்தினர் அறைகளில் இணையம் நலிந்தது. என் மகன் திறந்த மடிக்கணினியை ஏந்தி, இறகுப்பந்துத் திடலில் அலைவரிசை தேடி அங்குமிங்கும் நடப்பான். காலைக் குளம்பியோடு மாடத்தில் அமர்ந்து அதைப் பார்ப்பேன். ஒருநாள் தூறலில் துவாலையைக் கணினிமேல் போர்த்திக்கொண்டு, கண்காணாத மேலாளர் யாருக்கோ இடர்களை விளக்கிக்கொண்டிருந்தான். அன்று இரண்டாம் குவளை குடித்தேன். மனைவி மட்டும் மூன்று வேளையும் சமைத்துக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினாள்.

ஐந்தாம் நாள் பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் வந்து மூவர் மூக்கிலும் குச்சியிட்டு எடுத்துச் சென்றார். மறுநாள் முற்பகல் மகன் அழைத்தான். எனக்குச் செவி மந்தம், ஒலிபெருக்கியை இயக்கினேன்.

"அப்பா. பாப்பாவுக்குப் பாசிட்டிவ். எங்க ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்."

அந்தக் கணத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அச்சமோ இரக்கமோ முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது களிப்பு. பல்லாண்டு வாதிட்ட ஒரு மூலபாடம் சரியென்று புதிய சுவடி ஒன்று கிடைத்து மெய்ப்படும்போது நெஞ்சில் எழுமே, அதே களிப்பு. என் உதடுகள் விரிந்ததை நானே உணர்ந்தேன்.

"ஒண்ணு பெருக்கல் அஞ்சு எவ்வளவுடா?" என்றேன்.

அவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. குழந்தை இருமும் ஓசை கேட்டது.

மனைவி என் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "பாப்பாகிட்ட குடு" என்றாள். "என்ன கண்ணு வேணும்? ரசஞ்சாதமா? அப்பளம் வேணாம், தொண்டை கட்டும். சரி, ஒண்ணே ஒண்ணு." பேசி முடித்துக் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் பூட்டலேன்னா இந்நேரம் அது உனக்கு வந்திருக்கும்" என்றேன்.

"பூட்டுனது தப்புன்னு யாரு சொன்னா? சிரிச்சீங்க."

"நான் யாருக்காகச் செஞ்சேன்?"

"எனக்காகன்னு சொல்லாதீங்க. அவன்கிட்ட ஜெயிக்கறதுக்கு என்னை வெச்சுக்கிட்டீங்க. உங்க கிட்னிங்கறதால இவ்வளவு உரிமைன்னா, சொல்லிடுங்க, திருப்பிக் குடுத்துடறேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அன்று நண்பகல் என் நூலறை வாயிலில் ஒரு முக்காலி வந்தது. அதன்மேல் தட்டு, மூடிய சோறு, ஒரு செம்பு நீர். உண்டபின் தட்டைக் கழுவி அங்கேயே வைக்க வேண்டும் என்றாள். "எத்தனை நாளைக்கு?" என்றேன். "நீங்கதான் சொன்னீங்களே, பதினாலு."

பழிவாங்குதலை நுணுகி அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது குறையற்ற வேலை. ஒரு நாள்கூட அவள் தளர்த்தவில்லை. சோறு சூடாக இருந்தது. என் மாத்திரை வேளை தவறவில்லை. பேச்சு மட்டும் இல்லை.

பேத்தியின் காய்ச்சல் மூன்று நாளில் தணிந்தது. மருத்துவர் குறித்த நாள்கள் கழிந்து, மீண்டும் பரிசோதித்த பிறகு, மனைவியே தாழைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தாள். எனக்கு இன்னும் மூன்று நாள் மீதமிருந்தது. கூடத்தில் அவர்கள் பேசுவதை மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். மறுநாள் தட்டைப் பேத்தி கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டடி விலகி நின்றாள்.

"தாத்தா, உங்களுக்கும் பாசிட்டிவா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் உள்ளயே இருக்கீங்க?"

"உங்க பாட்டியக் கேளு."

"கேட்டேன். உங்களக் கேக்கச் சொன்னாங்க."

சோறு ஆறுகிறது என்றேன்.

அடுத்த திங்கள் மருத்துவமனையில் என் மனைவியின் குருதியைச் சோதித்தார்கள். சிறுநீரகம் செயல்படும் அளவு அணுவும் மாறவில்லை. வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில், வாடகை மகிழுந்தில், நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நம்பர் நல்லாத்தான் இருக்கு. போயி உங்க பையன்கிட்ட சொல்லிக்கங்க" என்றாள் சாளரத்தைப் பார்த்தபடி.

நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இன்றும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். அந்த அட்டவணைக்காக அவனை நான் மன்னிக்கவில்லை; நாளைக்கே அப்படியொரு காலம் வந்தால் மீண்டும் தாழிடுவேன். இதை எழுதத் தொடங்கியதும் அவனைக் குறித்தே. ஆயினும் இது அச்சேறினாலும் அவன் படிக்கப்போவதில்லை.

படிக்கப்போகிறவள் பேத்தி. தொற்றுக்காலத்தின் எஞ்சிய மாதங்களில் அவள் பாட்டி அவளுக்குத் தமிழெழுத்துக் கற்பித்துவிட்டாள்; இப்போது என் மேசைமேல் கிடக்கும் தாள்களை எடுத்து எழுத்துக்கூட்டாமலே படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்று கேட்டபோது என் உதடுகள் விரிந்தன என்ற வரியை நேற்று இருமுறை கோடிட்டு அடித்தேன். பிறர் எழுதியதில் ஒரு வரியை நீக்கியவர்களை நாற்பது ஆண்டுகள் ஏசியவன் நான். இன்று காலை அதை மீண்டும் தெளிவாக எழுதி, தாளை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவள் பள்ளியிலிருந்து நான்கு மணிக்கு வருவாள்.