டகோட்டாவின் பக்கக் கதவு

"ஏட்டி, நீ பிளேனுக்கு ஸ்பேனர் பிடிக்கப் போறியா? முதல்ல அஞ்சாப்பு தாண்டு, பாப்போம்" என்று சிரித்தவர், அப்பாவின் பட்டாளத்துச் சேக்காளி மாடசாமி மாமா.

டகோட்டா விமானங்கள் ஓய்வு பெறுகின்றன என்று இன்று பேப்பரில் படம் வந்திருக்கிறது. அதன் பக்கக் கதவைப் பார்த்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

பட்டாளத்தில் இருந்தபோது அந்தக் கதவு வழியாகத்தான் அப்பாவும் மாமாவும் பறந்துகொண்டே மலைமுகாம்களுக்கு அரிசி மூட்டை தள்ளினார்கள். ஊர் திரும்பியபின், சங்கரன்கோவிலில் தறி ஓடாத நாட்களில் நூல் மூட்டையை வைத்து அதைச் செய்துகாட்டுவார்கள். அப்பா மல்லாந்து படுத்துக் கால்களை மடக்குவார். விமானி அடிக்கும் மணிக்குப் பதிலாக நான் சைக்கிள் மணி அடித்ததும் மூட்டையை உதைப்பார். ஒருநாள் அவசரப்பட்டு அடித்துவிட்டேன்.

"போச்சு! மூட்டை பள்ளத்துல. மலை மேல முகாம்ல இருக்கவன் பட்டினி" என்றார் மாமா.

"இன்னொருக்கா சுத்தி வருவோம்வே. அந்த இஞ்சின் நம்மள என்னைக்குக் கைவிட்டுது?" என்றார் அப்பா.

இஞ்சினை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"படிச்ச மெக்கானிக்மாரு, மக்கா."

நானும் மெக்கானிக் ஆவேன் என்றேன். அதற்குத்தான் மாமா அப்படிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இந்தப் பேப்பரை மெட்ராஸில், விமானப் பராமரிப்புப் பயிற்சி விடுதியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். போன வாரம் என் முதல் இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, ஓடவும் வைத்துவிட்டேன்.