கருடனுக்குப் பால் வேண்டாம் என்றவர்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அறைக்கு ஞானராஜின் மரணச் செய்தி வந்தது. "விலங்கியல் சார்வாள் காலையில போயிட்டாவ" என்று அலுவலக உதவியாளர் வாசலில் நின்று சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு உட்கார்ந்து திருத்தினோம். மாலை இரங்கல் கூட்டத்தில் கல்லூரிச் செயலாளர் அவரைப் 'பறவைகளின் காவலர்' என்று புகழ்ந்தார். அங்கே சொல்லப்படாததை, அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

அடிபட்ட பறவையைக் கண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு அவர் மருந்து எதுவும் சொல்ல மாட்டார். துணி போட்டு மூடித் தூக்க வேண்டும். துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். "நம்ம மூஞ்சியப் பாத்தே அதுக்குப் பாதி உசிரு போயிரும் வே. மூடி வச்சிட்டு விலகிரும்" என்பார். துறைக்குப் பின்னால் இருந்த பழைய அறையில் மடையான் கொக்கும் மீன்கொத்தியும் அப்படித்தான் பிழைத்தன. "நான் கட்டியிருக்கிற சேலையத் தவிர எல்லாத்தையும் கிழிச்சுக் கொக்குக்குப் போத்தியாச்சு" என்று அவர் மனைவி சிரிப்பார்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், சீவலப்பேரிக்கு அப்பால் ஓர் ஊரில் மின்கம்பியில் அடிபட்டு ஒரு செம்பருந்து விழுந்தது. அவ்வூர் மாணவன் எஸ்.டி.டி. கடையிலிருந்து போனில் சொல்ல, நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். செம்பருந்து எங்கள் பக்கத்தில் கருடன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதன் நெற்றியில் குங்குமம், கழுத்தில் துளசி மாலை. ஒரு சிறகு தொங்கியது. கண்கள் தெளிவாக இருந்தன. பெண்கள் குலவையிட, ஒருவர் அலகைப் பிளந்து பிடிக்க, ஒரு பெரியவர் பாலாடையால் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க! மூச்சுக்குழலுக்குள்ள போகுது!" ஞானராஜ் கத்திக்கொண்டே ஓடினார்.

"கருடாழ்வாருக்குத் தொண்டை காஞ்சு கெடக்கு. நீரு சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, உமக்கு என்னவே தெரியும்? அங்கன தள்ளி நில்லும்" என்றார் பெரியவர்.

"என்னைய எப்படி வேணும்னாலும் ஏசும் அண்ணாச்சி. பாலை மட்டும் கீழ வையும்."

இரண்டு பேர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பறவையின் மூக்குத் துளைகளில் பால் நுரைத்தது. "சாமி குடிச்சிட்டு" என்று யாரோ கும்பிட்டார்கள். அது செத்திருந்தது.

சாமியை அவமதித்தார், அவர் கத்தியதால்தான் கருடன் இறந்தது என்று கல்லூரிக்குப் புகார் வந்தது. செயலாளர் விசாரிக்கவில்லை. ஞானராஜிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார். பறவைகள் இருந்த அறையைப் பூட்டினார். அதன்பின் பெட்டியோடு வந்தவர்களைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்தப் பெட்டிகளில் இருந்த பறவைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. இன்று சிறகொடிந்த ஒன்றைக் கண்டெடுத்தால் எங்கே வைத்துத் தேற்றுவது என்று என்னையும் கேட்காதீர்கள். இருந்த ஒரே கதவை நாம் பூட்டிவிட்டோம்; பூட்டியவரிடமே இரங்கலுரையும் கேட்டோம்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவர் ஒன்றுதான் சொன்னார்: "அதைக் கொல்லணும்னு ஒருத்தருக்கும் இல்ல வே. அதான் தாங்க முடியல." சொல்லிவிட்டு அழுதார். அவர் எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போயிருப்பார். அந்த வாக்கியத்தை நான் வைத்திருக்கிறேன்; அந்த மன்னிப்பு என்னிடம் இல்லை.