காதுக்குள் ஒரு சக்களத்தி

தையல்காரியின் கணவருக்குப் பார்வை இல்லை. மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணமானதிலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார். வெள்ளைக் கோல் பழகவே இல்லை. தோள் இருக்கும்போது எதற்கு? ஒட்டிப் பிறந்ததுகள் என்று தெருவே கேலி செய்யும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இப்போது அந்தத் தோளுக்கு வேலை போகப் போகிறது. பார்வையற்றோர் சங்கம் அவரிடம் ஒரு புதுக் கருவியைக் கொடுத்திருக்கிறது. சட்டைத் தோளில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, காதோரம் ஒரு கொக்கி. அவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்கள் ஒரு சாண் பிசகாமல் காட்டிக்கொடுக்க, ஒரு பெண்குரல் காதில் வழி சொல்லும். வீட்டுக்குள் பழகிப் பார்க்கும்போது அவர் அந்தக் குரலுக்குத் தலையாட்டிச் சிரிப்பார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னக்கா, உங்க சக்களத்தி சௌக்கியமா?" என்றாள் துணி கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண்.

"அவளுக்கென்ன! சோறு கேக்க மாட்டா, துணி கேக்க மாட்டா. அவளோட நான் எங்க போட்டி போடுறது?"

தெருக்குழியும் கம்பமும் செயற்கைக்கோளுக்குத் தெரியாதாம். துணைக்கு இருப்பவர் ஒருமுறை கூடவே நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்திச் சொல்லிவைக்க வேண்டும். அவள்தான் சொன்னாள். உடைந்த சாக்கடை மூடி, சாய்ந்த கம்பம், எல்லாம். மருந்துக்கடை வாசலில் நடைபாதைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கல் படி வந்தபோது மட்டும் வாய் திறக்காமல் அவரைச் சுற்றி அழைத்துப் போனாள். ஒரு தடவை இடறினால் போதும், தோளைத் தேடி வந்துவிடுவார்.

திங்கட்கிழமை முதன்முறையாகத் தனியே கிளம்பினார்.

"நீ தையலைப் பாரு. நான் போயிக்குவேன்."

காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று, செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனாள். சாக்கடை மூடி வந்ததும் ஒதுங்கினார். கம்பம் வந்ததும் ஒதுங்கினார். மருந்துக்கடை நெருங்கியது. குரல் எதுவும் சொல்லாது. அந்தக் கல்லின் விளிம்பு எவ்வளவு கூர்மையானது என்று அப்போதுதான் கவனித்தாள்.

"நில்லுங்க!"

நின்றுவிட்டார். "நீயா? பின்னாடியே வந்தியா?"

"முன்னாடி படி இருக்கு."

"அன்னைக்கு இங்க ஒண்ணும் சொல்லலையே?"

"மறந்துட்டேன்."

"போன வருஷம் நான் பேசின ஒரு வார்த்தையக்கூட மறக்காதவ, படிய மறந்துட்டியாக்கும்!"

அதற்குமேல் அவர் தோண்டிக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

"சரி, இப்ப சொல்லு. பதிஞ்சுக்கும்."

"படி," என்றாள். "முழங்கால் உயரம். வலது பக்கமா ஒதுங்கிப் போகணும்."

தன் கையில் மிச்சம் வைத்திருந்த ஒன்றும் போயிற்று.

"செருப்பப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போ. தரை சுடும்," என்று சொல்லிவிட்டு, வலது பக்கமாக ஒதுங்கி நடந்தார். இரண்டு கைகளையும் வீசி, வேகமாக. ஒரு கை எப்போதும் அவள் தோளில் இருந்ததால், அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததே இல்லை. நல்ல நடை. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.